சுங்கை சிப்புட்டில் சாவு வீடு, மெல்பர்னில் மோர்ப்பந்தல்

மெல்பர்னில் தமிழர்கள் கூடும் எந்த விழாவுக்குப் போனாலும் ஒரு கட்டத்தில் யாராவது மைக்கைப் பிடித்து "நம்முடைய கலாசாரம்" என்று ஆரம்பிப்பார்கள். அடுத்து மேடையில் பரதநாட்டியம். ஒரு குட்டிப் பையன் மூச்சு விடாமல் பத்துக் குறள் ஒப்பிப்பான். பட்டுப்புடவைகள் கைதட்டும், நானும் தட்டுவேன். குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள். ஆனால் இவற்றில் பாதி எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சலங்கை கட்டிய பெண்பிள்ளை ஒருத்தியும் கிடையாது. குறள் பள்ளிக்கூடச் சுவரில் இருந்தது. உறுமி மேளம்தான் எங்களுடையது. அது தொடங்கினால் பக்கத்து வீட்டு அத்தைக்கு அருள் வந்துவிடும்.

நான் சுங்கை சிப்புட்காரி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து வடக்கே கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிற தோட்டப்புறப் பட்டணம். சுற்றிலும் முன்பு பால்மரம் என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது; சுற்றுலா வருபவர்களுக்குக் காட்டுகிறார்கள். அந்த மரத்தின் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் கத்தி வைத்துத்தான் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை சோறு தின்றது.

"இந்தியாவுல எந்த ஊரு?" என்று இங்கே கேட்பார்கள். தெரியாது. அப்பா வழியில் சேலம் பக்கம் என்பார் பாட்டி. அதே பாட்டியைத் தனியாகப் பிடித்துக் கேட்டால் நாமக்கல் என்பார். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி ஒருவர் கூட்டி வந்தார், கப்பலில் வந்தார்கள், அவ்வளவுதான் கதை. தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியபோது எங்கள் ஆட்கள் மலாயாவில் காடு அழித்து, மரம் நட்டு, பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடிதப் போக்குவரத்தும் அதற்குப் பிறகு அறுந்துபோனது. ஆகவே வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ஊரை நினைக்கிறேன் என்றால், நினைப்பது காவிரிக்கரையை அல்ல. தகரக் கூரை போட்ட லயத்தை.

அந்த லயத்தில் என்ன கலாசாரம் இருந்தது என்று யாராவது கேட்டால் நான் சாவு வீட்டைத்தான் சொல்வேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால், காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆள் கூடுவதற்குள் செய்தி எல்லா லயத்துக்கும் போய்விடும். மோட்டார் வைத்திருக்கிற பையன் ஒருவன் பட்டணத்துக்குக் கிளம்புவான். இன்னொருவர் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வீட்டுக்கு. யார் யார் இன்றைக்கு வேலைக்கு வரமாட்டார்கள் என்று கிராணியிடம் சொல்லியாக வேண்டும். அவர்களுடைய மர நிரையை யார் வெட்டுவது என்பதை மேஸ்திரி, எங்கள் பேச்சில் மண்டோர், பார்த்துக்கொள்வார். கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் பெஞ்சுகள் வரும். வாசலில் தார்ப்பாய் கட்டுவார்கள். செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, எனவே நாலு வீடு தள்ளி ஓர் அடுப்பில் அண்டா ஏறிவிடும். கோப்பி ஓ, ரொட்டி, மதியத்துக்கு சோறும் சாம்பாரும். இந்த அண்டா யாருடைய வீட்டில் ஏறும் என்பதுகூடப் பேசி முடிவு செய்ததில்லை. பெரிய அடுப்பு யாரிடம் இருக்கிறதோ அங்கே.

பாடை கட்டத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். மற்ற நாளில் அவரை யாரும் பெரிதாக மதிக்க மாட்டார்கள், கள்ளுக்கடைக் கேஸ் என்பார்கள். அன்றைக்கு அவர் சொன்னதுதான் சட்டம். மூங்கில் இத்தனை அடி, கயிறு இப்படி என்று அதட்டுவார். ராத்திரி முழுக்க ஆண்கள் சீட்டாடியபடி உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் விளையாட்டுக்கு ஆடுவதில்லை, பிணத்தைத் தனியாக விடக்கூடாது என்று விழித்திருக்கிறார்கள் என்பது சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. ஒப்பாரி வைக்கும் கிழவி ஒருத்தி, செத்தவரோடு உயிரோடு இருந்தபோது தண்ணிக் குழாயடியில் போட்ட சண்டையைக்கூட ராகத்தில் இழுத்து விடுவாள். வருஷக் கணக்கில் பேச்சு வார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுக்காரி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கூடை வெங்காயத்தை உரித்துப் போட்டுவிட்டுப் போவாள். அதற்கு யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள். மறுவாரம் குழாயடியில் மறுபடியும் பேச்சு இருக்காது.

முக்கியமானது நோட்டுப்புத்தகம். சட்டைப்பையில் அடங்குகிற அந்தச் சின்ன 555 புத்தகம், மளிகைக்கடைக் கடன் எழுதுவது. அதில் ஒருவர் பெயரும் வெள்ளியும் (எங்கள் ஊர் ரிங்கிட்) எழுதிக்கொண்டே இருப்பார். ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி, அரை மூட்டை அரிசி, பெயர் சொல்லாமல் போனவர் இரண்டு வெள்ளி. காரியம் முடிந்ததும் புத்தகம் அந்த வீட்டுக்குப் போகும். பிறகு ஒரு நாள் அந்த ஐந்து வெள்ளிக்காரர் வீட்டில் ஏதாவது என்றால், புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். இதை வியாபாரம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும். கணக்கு வைத்திருந்ததால்தான் யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை, யாரும் வாங்கவும் இல்லை.

நல்லதுக்கு அழைத்தால் போ, கெட்டதுக்கு அழைக்காமலே போ என்று பாட்டி சொல்வார். எல்லா ஊரிலும் சொல்கிற பேச்சுதான். எங்கள் லயத்தில் அதைச் செய்தார்கள்.

நான் இங்கே முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். "வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பாசம் கிடையாது, பெத்தவங்களைக் கொண்டுவந்து தள்ளிட்டுப் போயிடுவான்" என்று ஊரில் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வேலை முடிந்து தினமும் சாயங்காலம் வந்து, தன் அம்மாவுக்குக் கரண்டியால் ஊட்டிவிட்டு, வாய் துடைத்துவிட்டுப் போகிற அறுபது வயது மகன்களை நான் பார்க்கிறேன். வராதவர்களும் இருக்கிறார்கள், எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். பாசத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஒரு மனிதன் விழுந்தால் யார் தூக்குவது என்பதற்கு இவர்களிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது; மருத்துவம், ஓய்வூதியம், இல்லம், எல்லாவற்றுக்கும் ஒரு படிவம். எங்களிடம் படிவம் இல்லை. நாங்களே ஏற்பாடாக இருந்தோம்.

இது எனக்கு உறைத்தது ஒரு சாவில்தான். மலேசியாவின் கெடா மாநிலத்தைச் சேர்ந்த ஓர் இளைஞன். தொழிற்சாலையில் இரவு வேலை, நாலைந்து பையன்களோடு ஒரு வாடகை வீடு. ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. திடீர்ச் சாவு என்பதால், மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலச் சட்டப்படி, உடல் சாவை விசாரிக்கும் கரோனரிடம் போய்விட்டது. இங்கே அப்படித்தான், தப்பில்லை. ஆனால் அந்த வீட்டில் பிணமும் இல்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. பையன்கள் ஆளுக்கொரு மூலையில் கைபேசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஊரிலிருந்து அவன் அம்மா அழைத்துக்கொண்டே இருந்தார். எடுத்துப் பேச யாருக்கும் தைரியம் இல்லை.

நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிற அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"என்ன அண்ணே செய்யறது? பொணம் வரவே நாளாகுமாம்."

"பொணம் வரப்ப வரட்டும் பாப்பா. மொதல்ல அரிசி போடு. அந்தப் பசங்க பசியாறிச்சா பாரு. அப்புறம் ஒரு நோட்டுப்புத்தகம் எடு."

அரிசி போட்டோம். நோட்டுப்புத்தகம் எடுத்தோம். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் செய்தி பரவி வீடு நிறைந்துவிட்டது. எங்களுக்கு முன்பே ஒரு யாழ்ப்பாணத்து அக்கா பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணியோடு வந்து நின்றார். அந்தப் பையனை அவருக்குத் தெரியாது. "செத்த வீடெண்டால் வராமல் இருக்கேலுமே?" என்றார். 1983க்குப் பிறகு ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்கு முன்பின் தெரியாத இடத்தில் சாவு வீடு நடத்துவது பழகிப்போன வேலை. அவர்தான் அந்தத் தாயின் அழைப்பை எடுத்து, பேச ஒன்றுமில்லாத இடத்தில் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தூதரகத்துக்கு யார் பேசுவது, விமானத்தில் அனுப்ப எவ்வளவு ஆகும், கூடப் போவது யார் என்று மற்றவர்கள் பிரித்துக்கொண்டோம். உடல் கெடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. நோட்டுப்புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் படம் பிடித்து அவன் அப்பாவுக்கு அனுப்பினோம். யாருக்கு நன்றிக்கடன் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே என்றுதான். அவர் யாருக்கும் எதுவும் திருப்பித் தரத் தேவையில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். வேர், மண், மரபு என்று பேசுகிறவர்கள் இதைத் தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து மூட்டை கட்டிக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். வேறு வேறு ஊர்களிலிருந்து வந்து இறங்கியவர்கள் ஒரே லயத்தில் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்தார்கள். மலேரியாவில் செத்தார்கள். 1942, 43இல் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் சயாம்-பர்மா ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948 ஜூன் 16 அன்று எங்கள் பட்டணத்துக்குப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள். மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி, ஊரடங்கு. காட்டில் இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடும் என்று பல இடங்களில் வேலைக்குச் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடத் தடை. அந்த வேலிக்குள் பக்கத்து வீட்டுக்காரனைத் தவிர வேறு யாரும் கிடையாது. அடுத்தது தோட்டத் துண்டாடல். சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைக் கூறு போட்டு விற்றன, வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் நிலை. எங்கள் பட்டணத்தில் பிறந்து, எங்கள் தொகுதிக்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால் வெட்டுகிறவர்களிடமே பங்குப் பணம் சேர்த்து, தோட்டம் வாங்குவது. பெரிய தலைவர், பெரிய யோசனை என்று எழுதுவார்கள். எனக்கு அது எங்கள் 555 புத்தகம்தான், இன்னும் தடிமனாக. ஏற்கனவே கூட்டு என்கிற சீட்டுப் பிடித்து, சாவுக்கும் கல்யாணத்துக்கும் காசு சேர்த்துப் பழகிய சனம் என்பதால்தான் அந்தப் பேச்சு எடுபட்டிருக்கும் என்பது என் ஊகம்.

ஆகவே இந்தப் பழக்கத்தின் பெரும்பகுதியை நாங்கள் மலாயாவில்தான் செய்தோம், வேறு வழியில்லாமல். இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம். எனக்கு நிம்மதி. வேறு வழியில்லாமல் ஓரிடத்தில் செய்ததை, வேறு இடத்தில் வேண்டுமென்றே செய்யலாம் அல்லவா?

ஊரைப் பற்றி எழுதும்போது தேன் ஒழுகுவது எனக்குப் பிடிக்காது, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். லயத்தையே சாதி பார்த்துப் பிரித்த தோட்டங்கள் இருந்தன. எங்கள் தோட்டத்தில் பிரிக்கவில்லை, ஆனால் யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது, யார் வீட்டில் குடிக்காமல் சமாளிப்பது என்பது எல்லாருக்கும் தெரியும். சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் இருந்தார்கள். அழைக்காமலே சாவுக்கு வந்த அதே லயம், பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அடி வாங்கும் சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைத்தது. "அது அவங்க வீட்டு விஷயம்." மறுநாள் அவளுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுப்பார்கள், நிறுத்துவதற்கு ஒருவரும் போனதில்லை. இங்கே நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு மூதாட்டியின் கையில் கன்றிப்போன தடத்தைப் பார்த்தால் எழுதி மேலே கொடுத்தாக வேண்டும். பார்த்தும் பேசாமல் இருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் படிவம்தான் எனக்குப் பெரிது. ஊரிலிருந்து கொண்டுவந்த அந்த ஒரு மௌனத்தை நான் இறக்கி வைத்துவிட்டேன், என் பெண்ணுக்கும் அதைக் கொடுக்கப் போவதில்லை.

அதேபோல, கூடிச் செய்வது நம்ம சொத்து மட்டும் என்று நினைப்பதும் சரியில்லை. விக்டோரியாவில் கிராமப்புறத் தீயணைப்பைப் பார்த்துக்கொள்ளும் சி.எஃப்.ஏ.யில் பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். 2009 பிப்ரவரியில் காடு எரிந்தபோது தீக்குள் போனவர்களில் தச்சரும் பால்பண்ணைக்காரரும் பள்ளி ஆசிரியரும் இருந்தார்கள். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி அதில் இருக்கிறாள். சைரன் கேட்டால் அழைக்காமலே போவது அவர்களுக்கும் தெரியும். சொல்லப்போனால் அவளிடம்தான் எங்கள் சாவு வீட்டை என்னால் எளிதாக விளக்க முடிந்தது.

தீபாவளிக் கதை கொஞ்சம் சிரிப்பு. எங்கள் பட்டணத்தில் தீபாவளி என்றால் கதவு திறந்திருக்கும். சாமான் கடைச் சீன முதலாளி, தவுக்கே, குடும்பத்தோடு வருவார், மலாய் வாத்தியார் வருவார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லா இனத்திலும் கூட்டமாக வரும். அவர்களும் சாப்பிட வேண்டும் என்பதால் கோழி ஹலால் கடையில்தான் வாங்குவோம், மாட்டிறைச்சி பன்றி இறைச்சிப் பேச்சே கிடையாது. பிள்ளைகளுக்கு அங்பாவ், உறையில் போட்டுக் கொடுக்கும் காசு, சீனரிடம் கற்றுக்கொண்டது, எங்களுக்கு ஊதா உறையில். முறுக்கும் அச்சுமுறுக்கும் நெய்யுருண்டையும் ஒரு வாரம் முன்பிருந்தே நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்து போடுவது. அதில் வேலையைவிடப் புறணி அதிகம் நடக்கும்.

இங்கே முதல் தடவை இப்படிச் செய்து தெருவையே கூப்பிட்டேன். எல்லாரும் ஒரே கேள்வி: எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? நான் என்ன கொண்டுவரட்டும்? "எப்ப வேணாலும் வாங்க" என்றால் புரியவில்லை, அதை ஒரு நாகரிகப் பேச்சு என்று நினைத்து யாரும் வராமல் இருந்துவிடுவார்கள் போலிருந்தது. கடைசியில் பதினொன்று முதல் நான்கு என்று அச்சடித்துக் கொடுத்தேன். சரியாகப் பதினொன்றுக்கு எல்லாரும் வந்து நின்றார்கள், நான் குளிக்கக்கூட இல்லை. எதிர்வீட்டுக் கிரேக்கப் பாட்டி மட்டும் எதையும் கேட்காமல், தட்டு நிறைய பிஸ்கட்டோடு பத்தரைக்கே வந்து நேராகச் சமையலறைக்குள் போய்விட்டார். அவர் எங்கள் லயத்தில் பிறந்திருக்க வேண்டியவர்.

தமிழ்ப் பள்ளிக்கூடம் பற்றி நீளமாக எழுத ஆசை, ஆனால் அது தனிக் கட்டுரை. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. மாட்டுக்கொட்டகை மாதிரிதான் பல இடங்களில் கட்டினார்கள். அந்தக் கொட்டகையைப் பள்ளிக்கூடமாக்கியது வாத்தியார்களும் பெற்றோரும். எங்கள் பட்டணத்தின் மகாத்மா காந்தி கலாசாலை வாசலில் பெருக்கிப் பந்தல் போடும் கூட்டுப்பணியில் எல்லாப் பெற்றோரும் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள் என்று அம்மா சொல்வார். இங்கே என் மகள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். விக்டோரியாவில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழை ஒரு பாடமாகவே எழுதலாம், அரசாங்கமே வழி செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை யார் அடுக்குவது என்று பார்த்தால் அதே மூன்று பெற்றோர். மகளை நான்காவதாக நிறுத்தியிருக்கிறேன். தமிழ் மதிப்பெண்ணைவிட அது எனக்கு முக்கியம் என்றால் அவள் முறைக்கிறாள்.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னால் சிரிப்பார். "நீ அங்க உக்காந்துகிட்டு எங்கள அருங்காட்சியகத்துல வைக்காத லா. இங்க இப்ப சாவுக்கே கேட்டரிங்தான்." உண்மைதான். எங்கள் லயத்தை இடித்துவிட்டார்கள், அந்த இடத்தில் செம்பனை. வேலைக்கு இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் வருகிறார்கள். எங்கள் ஆட்கள் பட்டணத்து மலிவு விலை அடுக்குமாடிக்குப் போய்விட்டார்கள். நான்காவது மாடியிலிருந்து பாடையை இறக்க முடியாது, தார்ப்பாய் கட்ட வாசல் இல்லை, அண்டா வைக்க இடமில்லை. இளவட்டங்கள் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் ஜொகூரிலும். போன வருஷம் பெரியம்மா காலமானபோது கீழே வாகன நிறுத்துமிடத்தில் கேனபி போட்டார்கள், சாப்பாடு வெளியிலிருந்து வந்தது. அப்படியும் ராத்திரி விழிக்க ஆள் இருந்தது. கைபேசியில் ஆடினார்கள், சீட்டுக்கட்டு இல்லை. நோட்டுப்புத்தகம் இப்போது வங்கிக் கணக்கு எண்ணும் ஒரு வாட்ஸ்அப் குழுவும். வேலை மாறவில்லை, ஆள் இருந்தால் நடக்கிறது, இல்லையென்றால் இல்லை. ஊரில் இருப்பவர்கள் ஏங்கிக்கொண்டிருப்பதில்லை, அந்த நேரத்துக்கு எது முடியுமோ அதைச் செய்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் கெடாப் பையனின் சாவுக்காகத் தொடங்கிய குழுவை நாங்கள் கலைக்கவில்லை. மாதம் ஒரு சின்னத் தொகை, பொருளாளர் அந்த யாழ்ப்பாணத்து அக்கா. அவரிடம் ஒரு டாலர் ஏமாற்ற முடியாது. சேலத்துப் பையன் ஒருவனும் ஃபிஜியிலிருந்து வந்த ஒரு குடும்பமும் சேர்ந்திருக்கிறார்கள். இந்தத் தைப்பூசத்துக்குக் கோயில் வளாகத்தில் மோர்ப்பந்தல் போடுவதென்று முடிவாகியிருக்கிறது. ஜனவரி வெயிலில் பால்குடத்தோடு நடப்பவர்களுக்கு எங்கள் ஊர்ச் சாலையோரப் பந்தலில் கொடுப்பது போல. கோயில் நிர்வாகம் சரி என்றுவிட்டது, நகராட்சியின் உணவு விதிகளைப் படித்துச் சொல்ல அந்தத் தீயணைப்புத் தோழியே வருகிறேன் என்றாள். மோரில் இஞ்சி போடுவதா, சின்ன வெங்காயம் போடுவதா என்பதில்தான் அக்காவுக்கும் சேலத்துப் பையனுக்கும் ஒத்துப்போகவில்லை. நேற்று ராத்திரி பதினொரு மணி வரை குழுவில் அதே சண்டை. இரண்டு அண்டாவாகப் போடலாம் என்று எழுதினேன், இரண்டு பேருமே கோபித்துக்கொண்டார்கள்.